பெரியப்பா நிலத்துச் சூடு

ரோசன்பாக், மானிடோபா
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எல்ஃப்ரீடாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் இன்று காலை வரை சுகம், மத்தியானத்துக்கு மேல் எப்படி என்பது இந்தக் கடிதம் பராகுவே வந்து சேர்வதற்குள் உனக்கு ஃபோனிலேயே தெரிந்திருக்கும். நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் நல்லபடியாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். அங்கே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் என்று எழுதியிருந்தாய். இங்கே சைபருக்குக் கீழே இருபத்தெட்டு. இரண்டுக்கும் நடுவில் மனுஷர் வாழத் தக்க ஊர்கள் நிறைய இருக்கின்றன, நம் முன்னோர் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்று குடியேறினார்கள், நடுவில் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் நிறையக் குடி. கொசுவலையில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே தைத்துவிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே, அந்தக் குணம் உனக்கு உன் அப்பா வழியில் வந்தது.

போன ஞாயிறு நீ ஃபோனில், வீட்டுக்குப் புதுச் சூடு வந்துவிட்டதா என்று கேட்டாய், வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார், அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் அவருக்கு இருமல் முற்றியதும் டாக்டர் இனி வீட்டுக்குள் விறகுப் புகையே ஆகாது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், உன் அண்ணன் மெல்வின் அன்றைக்கே பட்டணத்து முதியோர் குடியிருப்பில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி வைத்துவிட்டான். அப்பா அவனிடம், அங்கே ஜன்னலில் என்ன தெரியும் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கார் நிறுத்துகிற இடம் தெரியும், ரொம்ப வசதி என்றான் அவன். அப்பா சாப்பிட்டு முடித்து எழுந்து போய், ஜியோதெர்மல் போடுகிற வின்னிபெக் கம்பெனி ஒன்றுக்கு ஃபோன் பண்ணிவிட்டார். மெல்வின் கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தான்: பனி தங்குவதற்குள் புகையில்லாமல் வீடு சூடானால் நாங்கள் இங்கேயே இருக்கலாம், ஆகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியது. அப்பா சரி என்று தலையாட்டினார். அவர் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அவர் எதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வாரம் அவர் சும்மா கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த ஏற்பாடு என்ன என்று நீ கேட்பாய். கம்பெனியிலிருந்து தாராஸ் என்று ஒரு பையன் வந்து சமையலறை மேஜையில் படம் போட்டுக் காட்டினான். பூமிக்கு அடியில் வருஷம் முழுக்க ஒரே மாதிரியான மிதமான சூடு இருக்கிறதாம், ஆழமாகத் துளை போட்டு பிளாஸ்டிக் குழாய் இறக்கி, அதில் உறையாத தண்ணீரை ஓடவிட்டால் அது அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வரும், நிலவறையில் ஒரு மெஷின் அதைப் பெருக்கி வீட்டுக்கு ஊதும். கோடையில் அப்படியே தலைகீழ், வீட்டுச் சூட்டை வாங்கிப் போய் பூமிக்குள் விட்டு வரும். நம் நிலவறையில் உருளைக்கிழங்கு உறையாமல் கிடக்கிறதே அதே சங்கதிதான் என்று அப்பா சொன்னார், தாராஸ் சந்தோஷமாக ஆமாம் என்றான். அப்படியானால் உருளைக்கிழங்குக்கு எத்தனை சூடோ அத்தனைதான் நமக்குமா என்று நான் கேட்டதும் இருவரும் படத்துக்குள் குனிந்துகொண்டார்கள். அக்டோபர் முதல் வாரம் பழைய விறகு அடுப்பைப் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போனார். அதற்கடுத்த வாரம் அப்பாவுக்கு வின்னிபெக்கில் நுரையீரல் பரிசோதனை, நானும் கூடப் போய் மெல்வின் வீட்டில் தங்கினேன். நாங்கள் ஊரில் இல்லாத அந்த நாட்களில்தான் துளை போடுகிற லாரி வர வேண்டியிருந்தது. நாங்கள் இருக்க மாட்டோம், கடையில் ஐசக் பிளெட் வீடு எது என்று கேளுங்கள், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்று அப்பா சொல்லி வைத்தார்.

காட்டத்தான் செய்தார்கள். இந்த ஊரில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, பெயருக்குத்தான் பஞ்சம். ஒரே தாத்தாவின் பெயரை அண்ணன் மகன், தம்பி மகன் என்று இரண்டு பேரன்களுக்கும் வைத்தார்கள், இருவரும் ஐசக் பிளெட், இருவர் நிலமும் அடுத்தடுத்து. உன் அப்பா பால் வண்டி ஓட்டியதால் பால் ஐசக், உன் பெரியப்பா வளைந்த ஆணியை எல்லாம் தட்டி நிமிர்த்தி மறுபடி அடிக்கிற தச்சர் என்பதால் ஆணி ஐசக். கடையில் இருந்த பெண் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறாள், எந்த ஐசக், பாலா ஆணியா என்று. லாரிக்காரர்களுக்கு அது என்ன தெரியும். வயசானவர், வீட்டில் ஆள் இல்லை என்றார்கள். ஆணி ஐசக் ஆல்பர்ட்டாவில் மகள் வீட்டுக்குப் போயிருப்பது ஊருக்கே தெரியும், நாங்கள் வின்னிபெக் போனது யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போக வேண்டாம் என்றவர் உன் அப்பா. ஆக லாரி நேராகப் போய் பெரியப்பா தோட்டத்தில் நின்று நாலு துளை போட்டு, குழாய் இறக்கி, சிமெண்டுக் குழம்பு ஊற்றி அடைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறது. ரேடியோவே வேண்டாம் என்றிருந்த மனுஷன் இப்படி மாறிவிட்டாரே என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போயிருக்கிறது. அவருக்கோ எங்களுக்கோ ஒருவரும் போடவில்லை, அடுத்தவர் விஷயத்தில் தலையிடக் கூடாதாம்.

நாங்கள் திரும்பி வந்து காரை விட்டு இறங்கினபோது நம் தோட்டம் விட்ட மாதிரியே இருந்தது, புல் ஒன்றுகூட நசுங்கவில்லை. எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறார்கள் பார் என்றார் அப்பா. அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பெரியப்பாவின் காரட் பாத்தி மேல் நீலக் களிமண் குவிந்து கிடந்தது, நடுவில் கறுப்புக் குழாய் முனைகள் ஜோடி ஜோடியாக நீட்டிக்கொண்டு நின்றன. அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மறுநாள் தாராஸ் ஓடி வந்தான், முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. லாரி இனி வசந்தகாலத்துக்கு முன்னால் வராது, ஆனால் ஒரு வழி உண்டு என்றான். துளை அங்கே இருந்தால் இருக்கட்டும், அங்கிருந்து நம் நிலவறை வரை பள்ளம் வெட்டிக் குழாயைக் கொண்டுவந்துவிடலாம், தூரம் அதிகமில்லை, வேலியை மட்டும் கொஞ்சம் பிரிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும், கம்பெனியே ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடும். தாளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றால் அத்தோடு முடிந்தது, பேசாமல் இரு தம்பி என்று நான்தான் அவனைத் தடுத்தேன்.

அந்த இரண்டு ஐசக்குகளும் பேசிக்கொள்வதில்லை என்பதைப் பார்த்தே நீ வளர்ந்தாய், ஏன் என்று எப்போதாவது யாராவது உட்கார்ந்து சொன்னோமா என்று எனக்குச் சந்தேகம். ஞாயிறு பள்ளியை ஜெர்மனில் நடத்துவதா ஆங்கிலத்தில் நடத்துவதா என்பதுதான் தகராறு. பெரியப்பா ஜெர்மன் கட்சி, அப்பா ஆங்கிலக் கட்சி. சபை இரண்டாக உடைந்தது, தெருவுக்கு அந்தக் கோடியில் ஒரு கோவிலும் இந்தக் கோடியில் ஒரு கோவிலுமாகக் கட்டினோம். பிறகு பெரியப்பாவின் கோவிலும் சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. அதற்காக மறுபடி சேர்ந்துகொள்வதா என்ன, கூரைக்கு எத்தனை செலவு பண்ணியிருக்கிறோம்.

பெரியப்பா ஆல்பர்ட்டாவிலிருந்து வந்து இறங்கினார். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், பொய் சொல்வானேன். பெட்டியைக் கீழே வைக்காமலே தோட்டத்தைச் சுற்றி வந்தார், ஒவ்வொரு குழாய் முனையையும் குனிந்து பார்த்தார், உள்ளே போய்விட்டார். கத்துவார், வருவார், போதகரையாவது அனுப்புவார் என்று காத்திருந்தேன். கோர்ட்டுக்குப் போகிற வழக்கம் நம் சபை ஆட்களுக்குக் கிடையாது, கை நீட்டுகிற வழக்கமும் கிடையாது, மிச்சம் இருக்கிற ஒரே ஆயுதம் பேசாமல் இருப்பது, அதில் பெரியப்பாவை மிஞ்ச இந்த மாகாணத்திலேயே ஆள் இல்லை. மறுநாள் மண்வாரியால் களிமண்ணைச் சமப்படுத்தினார். அதற்கடுத்த நாள் பலகை அறுத்துக் குழாய் முனைகளுக்கு மேல் சின்னச் சின்னப் பெட்டி செய்து மூடினார், ஒவ்வொன்றுக்கும் சாய்வுக் கூரைகூட வைத்திருந்தார். அது கோபமா தயவா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பக்கம் உன் அப்பா தினமும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்புவார், வாசல் வரை போவார், எதையோ மறந்தவர் மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். வீட்டில் இருந்தது ஒரு சின்ன மின்சார ஹீட்டர் மட்டும். காலையில் சமையலறையில் மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது, அப்பாவின் இருமல் கூடிக்கொண்டே போனது. மெல்வின் ஃபோன் பண்ணி, பனி விழ ஆரம்பித்துவிட்டதே, அடுத்த சனிக்கிழமை வேன் கொண்டு வரட்டுமா என்றான். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அந்த ஜன்னலில் கார்களைப் பார்த்துக்கொண்டு இந்த மனுஷர் எத்தனை நாள் உயிரோடு இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காப்பி வேளையில் யார் வீட்டுக்கும் யாரும் சொல்லாமல் போகலாம், வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, மேஜையில் பன் இருக்கும் வரை சண்டை போடக் கூடாது. இது எந்தச் சபைக்கும் பொது, உடைந்தபோதுகூட யாரும் இதில் கை வைக்கவில்லை. அந்த ஞாயிறு நான் சனிக்கிழமை சுட்ட, ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த இரட்டை பன்களைத் துணியில் கட்டிக்கொண்டு, உன் அப்பாவிடம் கோட்டைக் கொடுத்து, காப்பிக்குப் போகிறோம் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. பெரியப்பா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், பன்னைப் பார்த்தார், அப்புறம் அவரைப் பார்த்தார், உள்ளே போய் இன்னும் இரண்டு கோப்பை எடுத்து வைத்தார். சூசானா பெரியம்மா போனதிலிருந்து அந்த மேஜையில் ஒரே ஒரு தட்டுக்குத்தான் இடம், மீதியெல்லாம் ஆணி டப்பாக்கள். சீஸும் ருபார்ப் ஜாமும் வைத்தார். ஆல்பர்ட்டாவில் பீட்ரூட் விளைச்சல் பற்றிப் பேசினோம், யார் யார் இறந்தார்கள் என்று பேசினோம், அதாவது நான் பேசினேன். அந்த இருவரும் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கடைசியாக, ஜன்னலைப் பார்த்தபடியே, எவ்வளவு ஆழம் என்று கேட்டார். இருநூறு அடி என்றார் அப்பா. தண்ணி வந்துச்சா என்றார். தண்ணி வேண்டாம், சூடுதான் வேணும் என்றார் அப்பா. சூடு வந்துச்சா என்றார். அது தானா வராது, நாமதான் போய் எடுத்துட்டு வரணும் என்றார் அப்பா. பெரியப்பா இன்னொரு பிடி விதை எடுத்தார். அதைக் கொறிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

“சூசானா அடக்கத்தன்னைக்கு நீ ட்ரக்கை விட்டு இறங்கவே இல்ல. இன்ஜினை ஓடவிட்டு உக்காந்திருந்த. உள்ள பாட்டு பாடறப்பெல்லாம் எனக்கு அந்தச் சத்தந்தான் கேட்டுச்சு.”

நான் அன்றைக்கு உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் கேட்டது. உன் அப்பா அந்தக் கோவிலுக்குள் கால் வைப்பதில்லை என்று சொல்லியிருந்தார், சொன்னபடி வாசலிலேயே இருந்தார். இப்போது காப்பிக் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். “குளிரு,” என்றார் அப்பா. “உள்ள சூடாத்தான் இருந்துச்சு,” என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னார். அப்பா கையிலிருந்த விதைத்தோலை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்து கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டேன். “இறங்கியிருக்கணும்,” என்றார். பெரியப்பா ஜாம் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளினார். நீங்க எடுத்த சூட்டைக் கோடையில திருப்பித் தரைக்குள்ளயே விட்டுருவீங்களாமே, அந்தப் பையன் சொன்னான் என்றார். தாராஸ் எனக்குத் தெரியாமல் போய்ப் பெரியப்பாவைப் பார்த்திருக்கிறான், கையில் தாள் இல்லாமல் போனானே அதுவரைக்கும் நல்லது. விட்டுருவோம் என்றார் அப்பா. முழுசா விடணும் என்றார் பெரியப்பா. முழுசா விடுவோம் என்றார் அப்பா. அப்ப வெட்டிக்கோங்க என்றார் அவர். திரும்பி நடந்து வரும்போது அப்பா இருமவே இல்லை, அல்லது நான்தான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளம் வெட்டினார்கள், வியாழக்கிழமை குழாய் வந்தது, வெள்ளிக்கிழமை மெஷின் ஓடியது. வேலியைப் பிரித்தபோது பெரியப்பா பக்கத்தில் நின்று ஆணிகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டார். சனிக்கிழமை மெல்வின் வேனுக்குப் பதிலாகத் தெர்மாமீட்டர் கொண்டு வந்தான், ஒவ்வொரு அறையிலும் வைத்துப் பார்த்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குடியிருப்புக்கு ஃபோன் பண்ணிப் பெயரை அடிக்கச் சொன்னான். சூடு எப்படி என்று கேட்பாய். பழைய அடுப்பு மாதிரி முகத்தில் அறையாது, காற்று வருகிற இடத்தில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் வருகிறது என்றே தெரியும், ஆனால் நாள் முழுக்க விடாமல் வந்துகொண்டிருக்கும். புகை கிடையாது, சாம்பல் அள்ள வேண்டாம். எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது, அதுதான் குறை.

ஆனால் பெரியப்பா வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை, நான் இரண்டு வாரமும் பன் அதிகமாகச் சுட்டு வைத்ததுதான் மிச்சம். அவருக்கு வேலை இருக்கும் என்றார் அப்பா, அந்த வீட்டில் என்ன வேலை. ஆனால் ஒன்று கவனித்தேன், காலையில் எழுந்ததும் உன் அப்பா வேதப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னலருகே போய்ப் பெரியப்பா வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்கிறார். அவர் வீட்டில் இன்னும் விறகு அடுப்புதான். புகை நேராக மேலே போனால் இவர் வந்து உட்கார்ந்து படிப்பார். போன வியாழக்கிழமை புகை இல்லை. கொஞ்சம் பொறுங்கள், லேட்டாக எழுந்திருப்பார் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, இவர் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிவிட்டார். வேகமாக நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மனுஷர் ஓடினார். வேலிக் கதவு வழியாகச் சுற்றிப் போகாமல், பிரித்த பிறகு பெரியப்பா இன்னும் அடைக்காமல் விட்டிருந்த இடத்தின் வழியாகவே போய்விட்டார். நான் மஃப்ளரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பெரியப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஓவர்கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். அடுப்பு ஜில்லென்று கிடந்தது, பக்கத்திலேயே சுள்ளியும் விறகும் தீப்பெட்டியும் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தது. உன் அப்பாவுக்கு மூச்சு வாங்கியதில் பேச வரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“புகை வரலன்னா யாராச்சும் வர்றாங்களான்னு பாத்தேன்,” என்றார்.

“வந்துட்டேன்ல,” என்றார் உன் அப்பா. “எந்திரி.”

அவர் எழுந்து வந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். அப்புறம் இருவரையும் உட்கார வைத்துத் திட்டினேன். அப்பாவுக்கு இரண்டு நாள் இருமல் தூக்கிப் போட்டது, இப்போது தேவலை. பெரியப்பா தினமும் காலையில் அடுப்பு மூட்டாமலே இங்கே வந்துவிடுகிறார், காற்று வருகிற இடத்துக்குப் பக்கத்து நாற்காலி அவருடையதாகிவிட்டது. இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை, விதை கொறிக்கிறார்கள், தோலைக் கூட்டுகிறவள் நான். இருட்டியதும் உன் அப்பா அவரை வீடு வரை கொண்டுபோய் விட்டு, அடுப்பு பற்றும் வரை வெளியில் நின்று பார்த்துவிட்டு வருகிறார்.

கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அந்த வெயிலில் எதற்கு என்று கேட்காதே, பின்னி முடித்துவிட்டேன். உன் பெரியப்பாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், சாப்பாடு, வெயில், இரண்டு நோயாளிகள் பற்றி எழுதினால் போதும், அவர் பெயருக்குத் தபாலில் கரண்டு பில் தவிர வேறு எதுவும் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகள் தொடுகிற நோயாளிகளுக்குச் சுகம் தருவாராக. கொசுவலையை மறக்காதே.

உன் அம்மா,
அகனேதா பிளெட்